சாம்பியன்கள் இல்லாத சாம்பியன் கோப்பை: ஐரோப்பியக் கிளப் கால்பந்தின் முதல் சீசன், 1955–56

1954 டிசம்பர் 13. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் நாலு நாளாக விடாத மழை. அப்படியிருந்தும் மொலினோ மைதானத்துக்குக் குழாயைப் போட்டு இன்னும் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார் வுல்வ்ஸ் அணியின் மேனேஜர் ஸ்டான் கலிஸ். குழாயைப் பிடித்த பொடியன்களில் ஒருவர் ரான் அட்கின்சன், பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜர் ஆனவர். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் அந்தப் பையன்கள் நினைத்தார்களாம்.

கலிஸுக்குக் கிறுக்கு ஒன்றும் இல்லை. அன்று இரவு ஆட வந்தது புடாபெஸ்டின் ஹோன்வேட். புஷ்காஷ், கோச்சிஷ், போசிக், சிபோர் என்று ஹங்கேரி தேசிய அணியின் பாதி அந்தக் கிளப்பில்தான் இருந்தது. முந்தைய ஆண்டு வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்றும், அடுத்து புடாபெஸ்டில் 7-1 என்றும் அடித்துப் போட்டவர்கள். வழுக்கும் புல்லில் குட்டிக் குட்டிப் பாஸ்களால் எதிரியைக் கிறங்கடிப்பவர்களை நிறுத்த வேண்டுமென்றால் புல்லைச் சேறாக்கினால் போதும். முதல் கால்மணி நேரத்துக்குள் ஹோன்வேட் இரண்டு கோல் போட்டுவிட்டது. அப்புறம் சேறு தன் வேலையைக் காட்டியது. பந்து நகரவில்லை, ஹங்கேரியர்களின் கால்கள் களைத்தன. இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி, ஸ்வின்போர்னின் இரண்டு கோல்கள். 3-2. மின்விளக்கு வெளிச்சத்தில் சுமார் 55,000 பேர் நேரில் பார்த்தார்கள், இரண்டாம் பாதியை பிபிசி நேரலையில் காட்டியது. ஆட்டம் முடிந்ததும் கலிஸ் தன் பையன்களை 'உலக சாம்பியன்கள்' என்றார். மறுநாள் இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதையே தலைப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

பாரிஸில் ஒரு கிழவருக்கு இது பொறுக்கவில்லை.

ஒரு பத்திரிகையின் வேலை

கப்ரியேல் அனோ ஒரு காலத்தில் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடியவர், அப்போது அறுபதைத் தாண்டியவர், 'லெகிப்' விளையாட்டு நாளிதழின் கால்பந்து எழுத்தாளர். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: வுல்வ்ஸை வெல்ல முடியாத அணி என்று சொல்லும் முன் அவர்கள் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஆடிக் காட்டட்டும். மிலான் இருக்கிறது, ரியல் மாட்ரிட் இருக்கிறது. உள்ளூரிலும் வெளியூரிலும் ஆளுக்கொரு ஆட்டம் வைத்து ஐரோப்பியக் கிளப்புகளுக்கு ஒரு போட்டி நடத்தினால்தான் யார் பெரியவர் என்று தெரியும்.

யோசனை புத்தம் புதிது அல்ல. மத்திய ஐரோப்பாவில் 1927 முதலே மித்ரோபா கோப்பை நடந்தது. 1949இல் லத்தீன் கோப்பை வந்தது. அனோவின் சக எழுத்தாளர் ழாக் ஃபெரான் 1948இல் சிலியின் சாந்தியாகோவுக்கே போய், தென்னமெரிக்கச் சாம்பியன் கிளப்புகள் மோதிய போட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர். அதை வென்றது பிரேசிலின் வாஸ்கோ ட காமா. அங்கே முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி ஆறு வருடமாக அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் லெகிப்பின் பூர்வீகத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் முன்னோடி 'லோட்டோ' என்ற நாளிதழ். பத்திரிகை விற்கவேண்டும் என்பதற்காகவே 1903இல் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை அது. செய்தி இல்லாவிட்டால் செய்தியை உண்டாக்கு என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கால்பந்து லீக் ஆட்டங்கள் வார இறுதியில்தான் நடக்கும், திங்கட்கிழமை பேப்பர் விற்கும். செவ்வாய், புதன், வியாழன்? அந்த நாட்களின் விற்பனையைத் தூக்க ஏதாவது வேண்டும். மின்விளக்கு வந்துவிட்டதால் வாரத்தின் நடுவே இரவில் ஆடலாம். இந்தக் கோப்பையின் இன்றைய வடிவமான சாம்பியன்ஸ் லீகைப் பார்க்க நம்மூர்ப் பிள்ளைகள் செவ்வாய், புதன் நள்ளிரவுகளில் கண் விழித்திருப்பதன் மூலம் இதுதான். ஒரு பாரிஸ் பத்திரிகையின் வாரநடு விற்பனைக் கவலை.

ஐரோப்பியக் கால்பந்து நிர்வாக அமைப்பான யூஃபா அப்போது ஆறு மாதக் குழந்தை. 1954 ஜூனில் பாசெல் நகரில் பிறந்தது. அதன் பொதுச்செயலர் ஆன்ரி டெலோனேயின் கனவெல்லாம் தேசிய அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. 1955 மார்ச்சில் வியன்னாவில் யூஃபா மாநாடு கூடியபோது, கிளப்புகளுக்குப் போட்டி நடத்துவது எங்கள் வேலையில்லை என்கிற மாதிரி கையை விரித்தது. சரி, நீங்கள் இல்லாவிட்டால் நாங்களே என்று லெகிப் கிளம்பியது. ஏப்ரல் 2, 3 தேதிகளில் பாரிஸ் அம்பாசடர் ஹோட்டலுக்குக் கிளப்புகளைக் கூப்பிட்டது. அந்த நாட்டு லீகில் யார் முதலிடம் என்று பார்த்து அல்ல, யார் வந்தால் கூட்டம் சேரும் என்று பார்த்து, நம் கல்யாணங்களுக்கு அழைப்பது போல வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தார்கள்.

மாட்ரிடிலிருந்து தலைவர் சாந்தியாகோ பெர்னபேவும், பிரெஞ்சு சரளமாகப் பேசும் அவரது வலதுகை ரைமுண்டோ சபோர்த்தாவும் வந்தார்கள். ஹங்கேரியிலிருந்து குஸ்தாவ் செபெஷ், வெம்ப்ளியில் 6-3 கணக்கை எழுதிய அதே பயிற்சியாளர். ஃபிராங்கோவின் ஸ்பெயினும் கம்யூனிஸ்ட் ஹங்கேரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து விதிமுறை எழுதியது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. கிளப்புகள் தாங்களே முடிவெடுத்துவிட்டன என்று தெரிந்ததும் மேலிடங்களுக்கு உறைத்தது. மே 8ஆம் தேதி லண்டனில் கூடிய ஃபிஃபா, யூஃபா பொறுப்பேற்றால் சரி என்றது. ஜூன் 21இல் யூஃபா பொறுப்பேற்றது. தானாகப் பழுக்காத கனியைத் தடியால் அடித்துப் பழுக்க வைத்த கதை.

யார் வந்தார்கள், யார் வரவில்லை

முதல் சீசனில் 16 கிளப்புகள். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எத்தனை பேர் 1954–55இல் தங்கள் நாட்டுச் சாம்பியன் என்று எண்ணிப் பார்த்தேன். ரியல் மாட்ரிட், மிலான், பிரான்ஸின் ரெய்ம்ஸ், சுவீடனின் யூர்கோர்டன், மேற்கு ஜெர்மனியின் ரோட்-வைஸ் எஸ்ஸென், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், டென்மார்க்கின் ஆர்ஹுஸ். ஏழு பேர்தான். போட்டியின் பெயரோ சாம்பியன் கிளப்புகள் கோப்பை!

ஸ்காட்லாந்தின் சாம்பியன் அபர்டீன். வந்ததோ லீகில் ஐந்தாவதாக முடித்த எடின்பரோவின் ஹிபர்னியன். அவர்களிடம் நல்ல மின்விளக்குகள் இருந்தன, கிளப் தலைவர் ஹாரி ஸ்வான் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கும் தலைவர், போதாதா? போர்ச்சுகலில் சாம்பியன் பென்ஃபிகா, வந்தது ஸ்போர்ட்டிங். ஹங்கேரியில் எல்லோரும் எதிர்பார்த்தது ஹோன்வேடை, வந்தது வோரோஷ் லோபோகோ. அந்தப் பெயருக்கு 'செங்கொடி' என்று அர்த்தம். பழைய எம்டிகே கிளப்புக்குக் கட்சி சூட்டிய பெயர்.

விசித்திரத்தில் விசித்திரம் சார்புருக்கன். இன்றைக்கு அது ஜெர்மனியில் இருக்கிறது. அப்போது சார் பகுதி பிரான்சின் பிடியில் இருந்த தனிப் பிரதேசம், ஃபிஃபாவில் தனி உறுப்பினர். 1955 அக்டோபர் 23இல் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. 'ஐரோப்பிய' நிர்வாகத்தின் கீழ் இருக்கும் திட்டத்தை மக்கள் தள்ளினார்கள். அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை, நவம்பர் 1ஆம் தேதி சார்புருக்கன் மிலானின் சொந்த மைதானத்தில் மிலானை 4-3 என வீழ்த்தியது. நோர்தால், லீட்ஹோம், ஸ்கியாஃபினோ என்று நட்சத்திரங்கள் மின்னிய மிலானை! இரண்டாம் ஆட்டத்தில் மிலான் 4-1 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது வேறு விஷயம். 1957 தொடக்கத்தில் சார் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அந்த நாட்டுக்கு இந்தக் கோப்பையில் இரண்டே ஆட்டங்கள்தான் சரித்திரம்.

இவ்வளவையும் கிளப்பிவிட்ட இங்கிலாந்து? அங்கே 1954–55 சாம்பியன் செல்சீ. அவர்களுக்கு அது முதல் லீக் பட்டம். முதல் சுற்றில் யூர்கோர்டனோடு ஆட ஜோடியும் போட்டாகிவிட்டது. ஆனால் இங்கிலாந்து லீக் நிர்வாகம், இதெல்லாம் நம் லீக் ஆட்டங்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி விலகச் செய்தது. செல்சீயும் தலையாட்டிவிட்டு விலகியது. அந்த இடத்துக்கு வார்சாவின் கிவார்டியா வந்தது. வாய்ச்சவடால் விட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்ள, பதில் சொன்னவர்கள் போட்டி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு மாட் பஸ்பியின் மான்செஸ்டர் யுனைடெட் அதே லீக் நிர்வாகத்தின் பேச்சைக் கேட்காமல் போனது. சோவியத் கிளப்புகள் வந்து சேர 1966 ஆயிற்று.

சாம்பியன் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்ட இந்தத் தாராளப்போக்கை ஒரு குறையாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதே 1955இல் பிறந்த இன்னொரு போட்டி இருக்கிறது: வணிகக் கண்காட்சி நகரங்களின் கோப்பை. அதை உருவாக்கியவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல. சுவிட்சர்லாந்தின் தோமென், இத்தாலியின் பராசி, இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ் என்ற மூன்று பெரிய அதிகாரிகள். ஒரு நகரத்துக்கு ஓர் அணி, கண்காட்சி நடக்கிற நாட்களில் ஆட்டம், எந்த லீகுக்கும் இடைஞ்சல் இல்லை. காகிதத்தில் பிசிறே இல்லாத திட்டம். 1955 ஜூனில் தொடங்கிய முதல் போட்டி முடிந்தது 1958 மே 1ஆம் தேதி. மூன்று வருடம்! அதற்குள் லெகிப்பின் போட்டி இரண்டு கோப்பைகளைக் கொடுத்து முடித்து, மூன்றாவதின் இறுதிக்கு வந்துவிட்டது. அனோ எழுதியதற்கும் முதல் பந்து உருண்டதற்கும் நடுவே ஒன்பது மாதம்கூட இல்லை. யார் தகுதியானவர் என்று விவாதிக்கத் தொடங்கியிருந்தால் 1955 செப்டம்பரில் ஒரு பந்தும் உருண்டிருக்காது. வருகிறவர்களை வைத்துப் பந்தியைத் தொடங்கிவிட்டார்கள், அதனால் நடந்தது.

கோல் மழை

1955 செப்டம்பர் 4. லிஸ்பன் அருகே ஜமோரில் உள்ள தேசிய மைதானம். ஸ்போர்ட்டிங்கும் பெல்கிரேடின் பார்ட்டிசானும். 14ஆவது நிமிடத்தில் ஸ்போர்ட்டிங்கின் ஜோவாவ் மார்ட்டின்ஸ் போட்டது இந்தக் கோப்பையின் முதல் கோல். ஆட்டம் 3-3. திரும்பப் பெல்கிரேடில் பார்ட்டிசான் 5-2 என வென்றது, அதில் நாலு கோல் மிலோஷ் மிலுட்டினோவிச்சுடையது. சீசன் முடிவில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான், எட்டு.

மூன்று நாள் கழித்து புடாபெஸ்டில் செங்கொடியின் பீட்டர் பலோட்டாஷ் ஆண்டர்லெக்டுக்கு எதிராக முதல் ஹாட்ரிக் அடித்தார். எஸ்ஸெனில் ஹிபர்னியன் 4-0 என்று வென்றபோது எடி டர்ன்புல் போட்டது இந்தக் கோப்பையில் ஒரு பிரிட்டிஷ் வீரரின் முதல் கோல். காலிறுதியில் ஹிபர்னியனுக்கு யூர்கோர்டன். சுவீடனில் குளிர்காலம் இறங்கிவிட்டதால் யூர்கோர்டன் தன் 'சொந்த மண்' ஆட்டத்தை எங்கே ஆடியது தெரியுமா? கிளாஸ்கோவில், எடின்பரோவுக்குப் பக்கத்து ஊரில். அங்கேயும் தோற்றது, எடின்பரோவிலும் தோற்றது. ஹிபர்னியனை அரையிறுதியில் ரெய்ம்ஸ் நிறுத்தியது.

ரெய்ம்ஸ் ஷாம்பெயின் ஊர். ஆட்டமும் பொங்கி வழிகிற ரகம். செங்கொடியுடனான காலிறுதியில் பாரிஸில் 4-2, புடாபெஸ்டில் 4-4. இரண்டு ஆட்டத்தில் 14 கோல். சீசனின் 29 ஆட்டங்களின் கோல்களையும் ஒரு தாளில் கூட்டினேன். 127 வந்தது. ஆட்டத்துக்கு நாலுக்கு மேல். தடுப்பாட்டத்தை யாரும் பெரிதாக மதிக்காத காலம்.

ரியல் மாட்ரிடின் பாதையைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் ஜெனீவாவின் செர்வெட்டை மொத்தம் 7-0 என்று சுலபமாகத் தாண்டினார்கள். காலிறுதியில் பார்ட்டிசான். ஸ்பெயினுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் தூதரக உறவே கிடையாது. 1955 கிறிஸ்துமஸ் நாளன்று மாட்ரிடில் ஆட்டம், ரியல் 4-0. வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஜனவரி 29, பெல்கிரேட். மைதானம் முழுக்கப் பனி, அடியில் கல் போல் உறைந்த தரை. மாட்ரிட்காரர்கள் நிற்கவே தடுமாறினார்கள். கிடைத்த ஒரு பெனால்டியையும் ஹெக்டர் ரியால் வீணடித்தார். பார்ட்டிசான் ஒன்று போட்டது, இரண்டு போட்டது, மூன்றும் போட்டது. இன்னொன்று விழுந்திருந்தால் கணக்கு சமம். விழவில்லை. மொத்தம் 4-3.

அரையிறுதியில் மிலான். மாட்ரிடில் 4-2. மிலானில் 1-2, இத்தாலியர்களின் இரண்டுமே டால் மோன்டே அடித்த பெனால்டிகள். மொத்தம் 5-4. மறுபடியும் ஒரே கோல்.

ஜூன் 13, பாரிஸ்

இறுதிப்போட்டி நடந்த பார்க் தெ பிரான்ஸ் அப்போது இன்றிருக்கும் கான்கிரீட் கிண்ணம் அல்ல. புல்வெளியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டப் பாதை. அந்த நாட்களில் டூர் டி ஃபிரான்ஸ் வருடாவருடம் முடிந்ததும் அங்கேதான். லெகிப் பெற்ற இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில். கோப்பையையும் லெகிப்தான் கொடுத்தது.

பார்வையாளர்கள் 38,239. நடுவர் ஆர்தர் எல்லிஸ், இங்கிலாந்துக்காரர். இறுதிப்போட்டியில் அந்த நாட்டின் பங்கு அவ்வளவுதான். முந்தைய ஜூனில் இதே மைதானத்தில் லத்தீன் கோப்பை இறுதியில் இதே ரெய்ம்ஸை இதே ரியல் 2-0 என வென்றிருந்தது. பழைய பாக்கி இருந்தது.

பத்து நிமிடத்துக்குள் ரெய்ம்ஸ் 2-0. முதலில் லெப்ளோன், 10ஆவது நிமிடத்தில் தாம்ப்ளான். 14ஆவது நிமிடத்தில் டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார். அரைமணியில் ரியால் சமன் செய்தார், பெல்கிரேடில் பெனால்டியை வீணடித்த அதே ரியால்.

ரெய்ம்ஸின் மூளை ரேமோன் கோபா. போலந்து வம்சாவளிக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்த இரவில் அவர் நிலைமை தர்மசங்கடம்: ஆட்டத்துக்கு முன்பே அவர் அடுத்த சீசனில் ரியல் மாட்ரிடில் சேர்வது முடிவாகியிருந்தது. நாளைய முதலாளியை இன்று தோற்கடிக்க வேண்டும். மனசு எப்படி இருந்ததோ, கால் நேர்மையாகவே இருந்தது. 62ஆவது நிமிடத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி உள்ளே போட்டார் மிஷெல் இடால்கோ. 3-2. இந்த இடால்கோதான் 1984இல் பிரான்ஸுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர்.

அப்போதுதான் ரியலின் நடுத் தடுப்பாட்டக்காரர் மார்கிடோஸ் தன் இடத்தை விட்டுக் கிளம்பினார். தோற்கிற அணியின் கடைசி அரண் பந்தை எடுத்துக்கொண்டு முன்னே ஓடுவதைப் பார்க்கும் எந்தப் பயிற்சியாளருக்கும் வயிற்றைக் கலக்கும். பின்னால் ஆளில்லை. நடுக்கோட்டைத் தாண்டினார், கொடுத்தார், வாங்கினார், பெட்டிக்குள்ளேயே போய்விட்டார். அவர் உதை ரெய்ம்ஸ் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 67ஆவது நிமிடம், 3-3. 79ஆவது நிமிடத்தில் இடது ஓரத்தில் ஹெண்டோ பறந்து வந்து கொடுத்ததை ரியால் முடித்தார். 4-3. மூன்றாவது முறையாக ஒரே கோல்.

கேப்டன் மிகேல் முன்யோஸ் கோப்பையை வாங்கினார். நாலு வருடம் கழித்து பயிற்சியாளராகவும் அதை வாங்கினார். இரண்டு விதமாகவும் வென்ற முதல் ஆள். ரியல் மாட்ரிட் ஐந்து வருடம் அதை யாருக்கும் கொடுக்கவே இல்லை. இதை வைத்து, அந்தக் கோப்பை அவர்களுக்காகவே செய்யப்பட்டது போல எழுதுவது வழக்கம். 4-3, 5-4, 4-3 என்ற மூன்று கணக்குகளையும் அடுக்கிப் பார்த்தால் எனக்கு அந்த ராஜகம்பீரம் தெரிவதில்லை. பனியில் வழுக்கிய ஓர் அணி தெரிகிறது. அந்த 1955–56இல் அவர்கள் ஸ்பெயின் லீகையே வெல்லவில்லை, அதை வென்றது பில்பாவோவின் அத்லெட்டிக். நடப்புக் கோப்பையாளர் என்ற கணக்கில் ரியலுக்கு இன்னொரு இடம் கொடுத்ததால்தான் அடுத்த சீசனில் ஆட முடிந்தது. சட்டம் கறாராக இருந்திருந்தால் அந்த ஐந்து, ஒன்றாகவே நின்றிருக்கலாம்.

கோபா மாட்ரிட் போய் மூன்று முறை கோப்பையை வென்றார். மூன்றாவது, 1959இல் ஸ்டுட்கார்ட்டில், ரெய்ம்ஸுக்கு எதிராகவே. பிறகு ரெய்ம்ஸுக்கே திரும்பினார்.

மார்கிடோஸின் குடும்பம் அந்தக் கோப்பையை விடவில்லை. அவருடைய இயற்பெயர் மார்கோஸ் அலோன்சோ. அதே பெயர் கொண்ட மகன் 1986இல் பார்சிலோனாவுக்காக செவில்லில் இறுதிப்போட்டி ஆடினார். ருமேனியாவின் ஸ்டெவாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் பார்சிலோனா அடித்த நான்கும் வீண், நாலாவதை அடித்தவர் அவர். மறுபடியும் அதே பெயர் கொண்ட பேரன் 2021இல் அந்தக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். தாத்தா ஆடிய அந்த முதல் சீசனில், லீக் நிர்வாகம் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட செல்சீயில்.